"அம்மா, அது என்ன கொடி?"
வாசகர் கேள்வி – பதில்

ஜூன் மாதம் என்பதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்கள் பல ஒரே விடயத்தையே சுற்றுகின்றன: தன் பாலினரை விரும்புபவர்களையும் திருநங்கை, திருநம்பியரையும் பற்றிப் பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது? பெயர்களை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் விட்டிருக்கிறோம். இடத்தையும் போட வேண்டாம் என்றவர்களுக்கு அதையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கோப்பிக் கடைக் கண்ணாடியில் வானவில் கொடி ஒட்டியிருந்தது. ஏழு வயது மகள் "அம்மா, அது என்ன கொடி?" என்று கேட்டாள். "சும்மா அலங்காரம்" என்று சமாளித்துவிட்டேன். இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும்? – வெள்ளவத்தை

பதில்: ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாளைக் காலை தலை பின்னிவிடும்போது, "அண்டைக்கு ஒரு கொடியைப் பற்றிக் கேட்டாய் எல்லே, நான் சரியாச் சொல்லேல்லை" என்று தொடங்குங்கள். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத நேரம் இப்படியான கதைக்கு நல்லது. தலை பின்னும்போது, ஓட்டோவில் போகும்போது, கடலை உடைக்கும்போது என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஏழு வயதுக்கு இரண்டு வசனம் காணும். "சில ஆம்பிளையளுக்கு ஆம்பிளையளோட சேர்ந்து குடும்பமா வாழ விருப்பம், சில பொம்பிளையளுக்குப் பொம்பிளையளோட. அதுக்காக ஆரும் அவையைப் பகிடி பண்ணக் கூடாது எண்டு சொல்லுற கொடி அது." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெற்றோர் சறுக்கும் இடம் இதுதான். பதற்றத்தில் பதினைந்து நிமிடம் பிரசங்கம் வைப்பார்கள், பிள்ளையின் கண் மூன்றாவது நிமிடத்திலேயே பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் அடுத்த கேள்வியோடு பிள்ளை தானாகவே திரும்பி வரும்.

இது படுக்கையறைக் கதை என்ற பயமும் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் கலியாணம் கட்டியவர்கள் என்று பிள்ளைக்குச் சொன்னபோது படுக்கையறையைப் பற்றியா சொன்னீர்கள்? இங்கேயும் சொல்வது குடும்பத்தைப் பற்றித்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு "சில வீட்டில அம்மம்மாதான் வளர்க்கிறா, சில வீட்டில அப்பா மட்டும், சில வீட்டில ரெண்டு அம்மா" என்பதே போதும். பத்து வயதளவில் சரியான சொற்களையும் வரலாற்றையும் சொல்லலாம். பதின்மூன்றுக்கு மேல் சட்டத்தையும் போன் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடியின் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1978 இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞரும் நண்பர்களும் கையால் சாயம் போட்டுத் தைத்த முதல் கொடியில் எட்டு நிறம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள்: சிவப்பு உயிர், மஞ்சள் சூரிய ஒளி, பச்சை இயற்கை என்று போகும். நிறையக் கொடி தைக்க வேண்டி வந்தபோது கடும் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை, அந்த நிறம் போனது. அடுத்த வருடம் இன்னொன்றையும் எடுத்து ஆறாக்கினார்கள். துணி இல்லாததால் ஒரு நிறம் போனதை மகள் மறக்கவே மாட்டாள்.

ஏன் ஜூன்? 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயோர்க்கில் இப்படியானவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுவிடுதிக்குள் பொலிஸார் புகுந்தார்கள். அங்கிருந்தவர்கள் வழமைபோலத் தலைகுனிந்து போகாமல் எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடம் அதே நாளில் ஊர்வலம் போனார்கள். ஜூனில் நடக்கும் 'பிரைட்' நிகழ்வுகள் அதிலிருந்து வந்தவை. கொழும்பில் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு 2005 இலிருந்து இந்த நிகழ்வுகளை நடத்தி வருகிறது.

ஒரு சொல் சிக்கல் உண்டு. 'பிரைட்' என்பதைப் 'பெருமை' என்று மொழிபெயர்த்தால் தமிழ்க் காதில் பெருமையடிப்பது போலக் கேட்கும். சென்னையில் 2009 இல் தொடங்கிய ஊர்வலத்துக்கு 'வானவில் சுயமரியாதை' என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு, "நான் இப்பிடித்தான், வெட்கப்பட ஒண்டுமில்லை எண்டு சொல்லுற நாள்" என்றால் விளங்கும்.

கேள்வி: பத்து வயது மகன் பள்ளிக்கூட வானில் இன்னொரு பையனை 'ஒன்பது' என்று கூப்பிட்டானாம். வான் ஓட்டுகிற அங்கிள் சொல்லித்தான் தெரியும். இரண்டு அடியும் போட்டேன். "எல்லாரும்தான் சொல்லுறாங்கள்" என்கிறான். – தெகிவளை

பதில்: அடியை முதலில் நிறுத்துங்கள். அடி வாங்கிய பிள்ளை, அந்தச் சொல்லைப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் சொல்லப் பழகும்.

கோபம் தணிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு நினைக்கிறாய்?" மெல்லிய குரலில் பேசுகிறவன், கிரிக்கெட் விளையாடாதவன் என்று ஏதாவது சொல்வான், அல்லது தெரியாது என்பான். தெரியாமல் எறிகிற கல்தான் இது. 'ஒன்பது' தமிழ்ப் படத்திலிருந்து வந்தது. 'அலி'யும் 'பொம்பிளைச்சட்டி'யும் ஊரிலிருந்து வந்தவை. சிங்கள நண்பர்களிடமிருந்து 'பொன்னயா' வந்திருக்கும். நாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஒருவன் போதிய ஆம்பிளை இல்லை என்று எல்லோர் முன்னாலும் அறிவிப்பது. இவை ஏசுகிற சொற்கள், அந்த ஆட்களுக்கு மரியாதையான சொற்கள் வேறு உண்டு என்று சொல்லிக் கொடுங்கள். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, மறுபுறம் திருநம்பி, பொதுவாகத் திருநர். தன் பாலினரை விரும்புபவர் தன்பாலீர்ப்பு உள்ளவர். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையினர் என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. வானில் அந்தப் பையன் இவற்றில் எதுவாகவும் இல்லாமலே இருக்கலாம். அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரியாதையான சொல்லைக் கொண்டே பகிடி தொடங்கும்.

பிறகு மன்னிப்பு. வானுக்குள் எல்லோர் முன்னாலும் கேட்க வைக்க வேண்டாம். ஏசப்பட்ட பிள்ளையை இரண்டாம் தடவை காட்சிப் பொருளாக்கும் வேலை அது. தனியாக, இறங்கும் இடத்தில்: "உன்னை அப்பிடிக் கூப்பிட்டது பிழை. இனிக் கூப்பிட மாட்டன்." 'ஆனால் நீயும்' என்று ஒரு வால் வரும், வீட்டிலேயே அதை வெட்டிவிடுங்கள். இன்னொருவன் அந்தச் சொல்லைச் சொன்னால் இவன் சொல்ல ஒரு வசனமும் வேண்டும். நீளமாக இருந்தால் வானில் எடுபடாது. "அவன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடடா" போதும். இரண்டு மூன்று தரம் வீட்டில் நடித்துப் பாருங்கள். நீங்கள் பகிடி பண்ணுகிறவனாக நடியுங்கள், அவன் பதில் சொல்லட்டும். முதல் தரம் சிரிப்பான், மூன்றாம் தரம் குரல் நிமிரும்.

இனி வீட்டுக்குள் வருவோம். இரவு எட்டரை, அம்மம்மா டிவி முன்னால். படத்தில் சேலை கட்டிய ஆணொருவர் கையைத் தட்டிக்கொண்டு வருகிறார், கதாநாயகனின் நண்பன் முகத்தைச் சுளித்து ஓடுகிறான், பின்னணியில் கோமாளி இசை. அந்த நேரம் உங்கள் மகன் டிவியைப் பார்ப்பதில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறான். ரிமோட்டைப் பறித்து அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. சிரிக்காமல் இருந்து, "பாவம், அந்த ஆளை ஏன் பகிடியாக் காட்டுறாங்கள்" என்று ஒரு வசனம் சொன்னால் காணும். விழுந்து அழும் மகனைப் பார்த்து "பொம்பிளைப் பிள்ளை மாதிரி அழாத" என்று சொல்கிற வழக்கம் வீட்டில் இருந்தால், அதையும் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் கதைத்தால் பிள்ளையும் அப்படி ஆகிவிடாதா? – கொட்டாஞ்சேனை

பதில்: ஆகாது. தலைமுறை தலைமுறையாக ஆண்–பெண் கலியாணக் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த வீடுகளிலும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். கதை கேட்டு ஈர்ப்பு மாறுவதானால் அவர்கள் இருந்திருக்கவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 இல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நீங்கள் கதைப்பதால் பிள்ளையின் ஈர்ப்பு மாறாது. உங்களிடம் வந்து சொல்லலாமா என்ற துணிவுதான் மாறும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி, தன் துணைவரோடு டிசம்பரில் வருகிறான். இருவரும் அங்கே சட்டப்படி மணம் முடித்தவர்கள். பிள்ளைகளுக்கு 6, 11 வயது. என் அம்மாவுக்கு இது தெரியாது. பிள்ளைகளிடம் "அம்மம்மாவுக்குச் சொல்லாதே" என்று சொல்லி வைக்கவா? – பம்பலப்பிட்டி

பதில்: வைக்க வேண்டாம். இரண்டு காரணம். ஆறு வயதுப் பிள்ளையால் அதைக் காப்பாற்ற முடியாது, இடியப்பம் சாப்பிடும்போது போட்டு உடைத்துவிடும். பிறகு அம்மம்மா அழுததற்குத் தானே காரணம் என்று மனதில் வைத்துக்கொள்ளும். மற்றது இன்னும் முக்கியம். 'பெரியவர்கள் ஒரு விடயத்தை மறைக்கச் சொன்னால் அம்மாவிடம் வந்து சொல்' என்றுதான் துஷ்பிரயோகத்திலிருந்து காக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். அதே வீட்டில் நாமே இரகசியம் சுமக்க வைத்தால் அந்தப் பாடம் குழம்பிவிடும்.

இப்போதே தம்பியிடம் தொலைபேசியில் கேளுங்கள்: யாருக்குத் தெரியலாம், யார் சொல்வது, அம்மாவுக்குத் தானே சொல்ல விருப்பமா, சொல்வதானால் வந்திறங்குமுன்னா பின்னா? அது அவருடைய செய்தி, நீங்கள் முந்திச் சொல்லக் கூடாது. அவர் அம்மாவுக்குச் சொல்லப்போவதில்லை என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு "மாமாவோட இருக்கிற மாமாவும் வாறார்" என்பதோடு நிறுத்துங்கள். அது பொய்யில்லை. பதினொரு வயதுக்கு முழுவதும் சொல்லலாம், ஆனால் 'இரகசியம்' என்ற சொல்லைப் பாவிக்காமல்: "இது மாமாவின்ர சொந்தக் கதை. ஆருக்குச் சொல்லுறது எண்டு அவர்தான் முடிவெடுப்பார். உனக்கு மனசில பாரமா இருந்தா என்னோட எப்பவும் கதைக்கலாம்." கடைசி வசனத்தை விடாதீர்கள்.

முறை என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் தம்பி மாமா, அவர் மனைவியானால் மாமி. துணைவர் ஆண் என்பதால் அவரும் மாமாதான், பெயரோடு சேர்த்துக் கூப்பிடட்டும். 'அங்கிள்' என்று வைத்தால் வான் ஓட்டுகிறவரும் மேல்மாடிக்காரரும் இருக்கும் வரிசையில் அவரை நிறுத்துகிறீர்கள். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். கனடாவில் 2005 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் இத்தகைய திருமணம் சட்டபூர்வமானது என்பதை மூத்த பிள்ளைக்குச் சொல்லலாம்.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரைட் நிகழ்வுக்குப் போவது சட்டப்படி குற்றமா? – மருதானை

பதில்: இல்லை. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் சில பாலியல் செயல்களைப் பற்றியவை. முதலாவதில் பத்து வருடம் வரையும் இரண்டாவதில் இரண்டு வருடம் வரையும் சிறை உண்டு. 1995 இல் திருத்தினார்கள். தளர்த்துவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், 'ஆண்கள்' என்றிருந்ததை 'நபர்கள்' என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். 2023 இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இதைக் குற்றமல்ல என்றாக்கக் கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் மே மாதத்தில் தீர்மானித்தது. அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது. ஆனால் ஒருவர் இன்னார் என்பதோ, அதைப் பற்றிக் கதைப்பதோ, பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதோ இந்தப் பிரிவுகளுக்குள் வராது.

கவனிக்க வேண்டியது போட்டோ. உங்கள் பிள்ளையின் படத்தைப் போடும்போது பின்னால் நிற்கும் ஒருவரின் முகமும் போகும். அவர் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் சொல்லாதவராக இருக்கலாம், அந்த ஒரு படத்தால் வாடகை வீடே போகலாம். போனைப் பையில் வைக்கும் வழக்கத்தைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே பாருங்கள். பகலில் நடக்கும் கலை நிகழ்வு வேறு, இரவு விருந்து வேறு. பின்னதற்குப் பிள்ளை வேண்டாம்.

கேள்வி: புராணக் கதைகளைக் கொண்டு விளக்கலாமா? – ஆமர் வீதி

பதில்: அளவோடு. அர்த்தநாரீசுவரரைப் பிள்ளைகள் கோயிலில் பார்த்திருக்கிறார்கள். உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் போன பிள்ளைக்குப் பாரதமும் புதிதல்ல. சிகண்டியின் கதையைச் சொல்லலாம். விராடன் அரண்மனையில் அருச்சுனன் பிருகன்னளையாக ஒரு வருடம் நடனம் கற்பித்ததையும் சொல்லலாம். ஆனால் அது ஊர்வசியின் சாபத்தால் வந்த கோலம். அதையே திருநர் வாழ்க்கைக்கு நேர் உதாரணமாக நீட்டினால், 'அப்ப இது சாபமா?' என்று கெட்டிக்காரப் பிள்ளை மடக்கிவிடும்.

கேள்வி: தரம் 10 படிக்கும் மகள் தன் தோழிக்கு எழுதிய காதல் செய்திகளைப் போனில் பார்த்துவிட்டோம். கணவர் போனைப் பறித்துவிட்டார். கோயிலில் நூல் கட்டிப் பாடசாலையையும் மாற்ற வேண்டும் என்கிறார். மகள் அறையை விட்டு வருவதில்லை. – (இடம் வேண்டாம்)

பதில்: மகள் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். அங்கிருந்தே தொடங்க வேண்டும். "கேக்காமல் உன்ர போனைப் பாத்தது பிழை" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்தது, "நீ எங்கட பிள்ளை. அதில ஒண்டும் மாறாது." இதைச் சொல்ல எல்லாம் விளங்கியிருக்க வேண்டியதில்லை. அப்பாவும் ஒரு தரம் சொல்ல வேண்டும், அறைக்கு வெளியே நின்றாவது. 'இது வயசுக் கோளாறு, போய்விடும்' என்றும் சொல்ல வேண்டாம், 'அப்ப நீ இன்னார்தான்' என்று பெயர் சூட்டவும் வேண்டாம். அவளே சொல்லட்டும், இப்போது இல்லாவிட்டால் பிறகு.

மற்றப் பிள்ளையின் தாயைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்கும் மகளைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். பாடசாலையை மாற்றினால் சாதாரண தரப் பரீட்சைக்குக் கிட்டவாக அவளுக்கிருக்கும் நண்பர்கள் எல்லோரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். நூல், பார்வை பார்த்தல், 'மாற்றும் சிகிச்சை' எதுவும் ஈர்ப்பை மாற்றாது. தன்னைத் தன் வீடே நோயாளியாகப் பார்க்கிறது என்பதை மட்டும் அவை சொல்லிக் கொடுக்கும்.

அறையை விட்டு வராததைக் கவனமாக எடுங்கள். சாப்பாடு குறைகிறதா, இரவு நித்திரை இல்லையா, வெக்கையிலும் நீளக்கைச் சட்டை போடுகிறாளா, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறாளா? அப்படியானால் நேராகக் கேளுங்கள்: "சாகலாம் போல இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சுமையைத்தான் இறக்கி வைக்கும். ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். உதவிக்கு அழைக்க: தேசிய மனநல நிறுவகத்தின் 1926, ஆலோசனைக்கு 1333, வீட்டிலோ வெளியிலோ யாராவது அடித்து மிரட்டினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

உளவளத் துணையாளரிடம் போவதானால் மகளைக் கூட்டிச் செல்லுமுன் நீங்கள் தனியாகப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். தன்பாலீர்ப்பை நோயாகப் பார்க்கிறீர்களா? பிள்ளை சொல்வதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? முதல் கேள்விக்கு "மாத்தலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு சேர்ந்து ஆறு நிறத்தில் ஒரு பட்டம் கட்டலாம் என்றிருக்கிறோம். போன வருடம் கட்டியது சுழன்று விழுந்துவிட்டது. – மட்டக்குளி

பதில்: நல்ல யோசனை. கை வேலை செய்யும்போது வாய் கேள்வி கேட்கும், முதல் கேள்வியில் உள்ள கொடிக் கதைக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

நடுக்குச்சி 60 செ.மீ., குறுக்குக்குச்சி 45 செ.மீ., இரண்டும் மெல்லச் சீவிய மூங்கில். மேலிருந்து 15 செ.மீ. இல் குறுக்கைக் கட்டி, நாலு முனையையும் நூலால் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். டிசுத்தாளில் 50 செ.மீ. நீளப் பட்டிகள் ஆறு: நடுவில் வரும் நாலும் 11 செ.மீ. அகலம், மேலும் கீழும் வருபவை 13 செ.மீ. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று மேலிருந்து கீழாக, ஒன்றன் மேல் ஒன்று 1 செ.மீ. ஏற ஒட்டுங்கள். பட்டிகளைக் குறுக்காகவே வையுங்கள். நெடுக்காக வைத்தால் ஒரு பக்கம் பசை கூடிப் பட்டம் அந்தப் பக்கமே சாயும். பசைக்குக் கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு கோப்பை, மெல்லிய நெருப்பில் கண்ணாடி போலாகும்வரை துழாவி ஆறவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் தாள் சுருங்கும், பாரமும் ஏறும். காய்ந்த பிறகு சட்டகத்தின் மேல் வைத்து, ஓரத்தில் 2 செ.மீ. விட்டு வெட்டி மடித்து ஒட்டுங்கள்.

முச்சைக்கு, அதாவது ஏற்றும் நூலை முடிச்சிடும் நூலுக்கு, நடுக்குச்சியில் மேல் முனைக்கு 5 செ.மீ. கீழே ஒரு கட்டு, கீழ் முனைக்கு 10 செ.மீ. மேலே ஒரு கட்டு. முடிச்சில் பிடித்துத் தூக்கினால் தலைப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும். உங்கள் பட்டம் சுழன்றது பெரும்பாலும் வால் போதாமல்தான். துணிக்கீலத்தில் 3 மீற்றர் போடுங்கள், இன்னும் சுழன்றால் அரை மீற்றர் கூட்டுங்கள். இழுவை இருந்தும் ஏறாவிட்டால் முச்சை முடிச்சை 1 செ.மீ. மேலே தள்ளுங்கள். தூறலில் டிசுத்தாளின் சாயம் கரைந்து சட்டையில் ஊறும், ஊதாதான் மோசம். ஜூன் காற்று நல்லது, மழையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்குக் காலி முகத்திடல்தான் வசதி. வெள்ளவத்தைக் கரையில் ரயில் பாதை ஓரமாகவே போகிறது, பட்டத்தைப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு ஓடும் பிள்ளைக்கு ரயில் தெரியாது.